ஒரு வண்டிப்பாதையும் மூன்று நீதிமன்றங்களும்

எங்கள் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதையின் குறுக்கே 2009 மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் ஏழு கல்தூண்கள் நின்றுகொண்டிருந்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரவோடு இரவாக ஊன்றியவை. மறுநாளே அவற்றில் முள்கம்பியும் ஏறிவிட்டது. அப்பா முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போனார், பிறகு காவல் நிலையத்துக்குப் போனார். இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான் கிடைத்தது: இது சிவில் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படித் தொடங்கிய வழக்கு முன்சீப் கோர்ட், சப் கோர்ட், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை என்று மூன்று படி ஏறி, திரும்பவும் முன்சீப் கோர்ட்டுக்கே இறங்கி வந்து 2022-இல் முடிந்தது. சட்டம் படிக்காத நான் இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்து அறிந்துகொண்டவற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. தமிழ்நாட்டின் நீதிமன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைப் பள்ளிக்கூடத்துக் குடிமையியல் பாடத்தில் ஒரு படமாகப் பார்த்திருக்கிறோம். அந்தப் படத்துக்குள் ஒரு வழக்கு எப்படி நகர்கிறது என்பதை நகர்த்திப் பார்த்தவர்களே அறிவார்கள்.

நீதிமன்றம் என்றதும் நம் மனத்தில் வந்து நிற்பது சென்னை பாரிமுனைக்கு அருகே 1892-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடம். உயர் நீதிமன்றம் அதற்கும் முப்பது ஆண்டுகள் மூத்தது, 1862-இல் தொடங்கியது. இன்று அதற்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதிகளின் எண்ணிக்கை 75. தமிழ்நாட்டோடு புதுச்சேரியும் அதன் அதிகார எல்லைக்குள் வருகிறது. செய்தித்தாளில் வருவதெல்லாம் பெரும்பாலும் அங்கே நடப்பதுதான். ஆனால் எங்களைப் போன்றவர்களின் வழக்குகள் தொடங்கும் இடம் தாலுகா தலைநகரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற முன்சீப் கோர்ட். அதன் பெயர்ப்பலகையில் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் என்று எழுதியிருக்கும். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வழக்கின் மதிப்பு கூடினால் சப் கோர்ட் எனப்படும் சார்பு நீதிமன்றம், அதற்கும் மேல் மாவட்ட நீதிமன்றம். குற்றவியல் பக்கத்தில் இதே போல நடுவர் நீதிமன்றமும் அமர்வு நீதிமன்றமும் இருக்கின்றன. முதல் வகுப்பு நடுவர் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் வரையும், தலைமைக் குற்றவியல் நடுவர் ஏழு ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். மரண தண்டனையை அமர்வு நீதிபதி விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது செல்லும். சிறிய ஊர்களில் முன்சீப்பும் நடுவரும் ஒருவராகவே இருப்பார். மாவட்டங்களில் மாவட்ட நீதிபதியும் அமர்வு நீதிபதியும் பெரும்பாலும் ஒருவர்தான். நாற்காலி ஒன்று, தொப்பி இரண்டு.

எங்கள் வழக்கறிஞர் கேட்ட பரிகாரங்கள் மூன்று. அந்தப் பாதையில் எங்களுக்கு வழிநடை உரிமை உண்டு என்ற விளம்புகை, இனிமேல் தடுக்கக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை, போட்ட வேலியை எடுக்க வேண்டும் என்ற செயலுறுத்துக் கட்டளை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி, இருபது ஆண்டுகள் இடையறாமல், வெளிப்படையாக, உரிமையாகவே பயன்படுத்தி வந்த பாதையில் உரிமை நிலைபெற்றுவிடும். எங்கள் தாத்தா காலத்திலிருந்தே வண்டி போகிறது என்பதால் இது எளிய வழக்கு என்றுதான் நினைத்தோம். ‘எளிய வழக்குத்தான் அண்ணாச்சி, ஆனா அதை நிரூபிக்கணும்ல’ என்றார் வழக்கறிஞர்.

வழக்குரையைக் கொண்டுபோய்க் கொடுத்தவுடன் அது வழக்காகிவிடுவதில்லை என்பது எனக்குக் கிடைத்த முதல் பாடம். அலுவலகத்தில் அதைச் சரிபார்த்து, நீதிமன்றக் கட்டணம் சரியில்லை, சொத்து விவரத்தில் நான்கெல்லை தெளிவாக இல்லை, வரைபடம் இணைக்கப்படவில்லை என்று குறிப்பெழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். திருத்தி மறுபடியும் தாக்கல் செய்ய வேண்டும். எங்களுடையது இரண்டு முறை ரிட்டர்ன் ஆகி, மூன்றாம் முறையில்தான் நம்பர் ஆனது. ‘நம்பர் ஆச்சா?’ என்று குமாஸ்தாவிடம் கேட்பதற்காக மட்டும் அப்பா எத்தனை முறை பேருந்து ஏறியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கவில்லை. கட்டணத்தில் எங்களுக்குப் பெரிய சுமை இல்லை, பாதை வழக்குக்கு மதிப்பு குறைவு. இதுவே கொடுத்த கடனைக் கேட்கிற வழக்காக இருந்திருந்தால், கேட்கும் தொகையில் ஏழரை சதவீதத்தை முன்பணம் போலக் கட்டிவிட்டுத்தான் அன்றைக்கு உள்ளே நுழைந்திருக்க முடியும். 2017-இல்தான் தமிழ்நாடு அதை மூன்று சதவீதமாகக் குறைத்தது.

நம்பர் ஆன பிறகு சம்மன், எதிர்த்தரப்பின் வக்காலத்து, அவர்களுடைய எதிர்வழக்குரை, பிறகு எதை எதை முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றமே வகுக்கிற வழக்கெழுவினாக்கள். எதிர்வழக்குரையை 30 நாளில், மிஞ்சினால் 90 நாளில் தாக்கல் செய்ய வேண்டும் என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் 2002-இல் திருத்தம் வந்தது. இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் நம் சேலத்து வழக்கறிஞர் சங்கத்தார் என்பது பலருக்குத் தெரியாது. 2005-இல் வந்த தீர்ப்பு திருத்தங்கள் செல்லும் என்றது. ஆனால் அந்த 90 நாள் வரம்பை, மீறவே முடியாத கட்டளையாகக் கொள்ள வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. அந்தச் சிறிய கதவிடுக்கின் வழியாக எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் எதிர்வழக்குரை ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்து உள்ளே வந்தது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. அதை நான் வழக்கறிஞரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, அன்றைக்கு வாய்தா கேட்டிருந்தது நாங்கள்தான் என்பதை நினைவூட்டினார்.

வாய்தாவைப் பற்றித் திட்டாதவர்கள் இல்லை. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நாள் முழுவதும் நீதிமன்ற அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவனுக்குச் சில விஷயங்கள் புலப்படும். காலை பத்தரை மணிக்குப் பட்டியலில் உள்ள வழக்குகளை வரிசையாக அழைப்பார்கள். நீதிமன்றச் சேவகரான டவாலி வாசலுக்கு வந்து பெயரை மூன்று முறை கூவுவார். அன்றைய பட்டியலில் அறுபது, எழுபது வழக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நீதிபதி இரண்டு நிமிடம் கொடுத்தாலே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கிற நேரத்தில்தான் சாட்சி விசாரணை, வாதம், இடைக்கால மனுக்கள் எல்லாம். ஒரு நாளில் இரண்டு சாட்சியை முழுதாக விசாரிக்க முடிந்தால் அது நல்ல நாள். இதற்கிடையில் மே மாதத்தில் சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை; நீதிபதிகள் இடமாற்றம் வேறு. எங்கள் வழக்கில் சாட்சியம் பதிவு செய்தவர் ஒருவர், வாதம் கேட்டவர் இன்னொருவர். அதற்குச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் சாட்சி சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியாத ஒருவர், காகிதத்தை வைத்தே அவரை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

2012-இல் அப்பா கூண்டேறிய நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் விசாரணை இப்போது வாயால் நடப்பதில்லை. வழக்கறிஞர் தயாரித்த பிரமாண வாக்குமூலமாகவே அதைத் தாக்கல் செய்துவிடுவார்கள். எனவே அப்பா வாய் திறந்தது குறுக்கு விசாரணையில்தான். சினிமாவில் வருவது போலப் புத்தகத்தின் மேல் கைவைக்கச் சொல்லவில்லை. ஊழியர் ஒருவர் உறுதிமொழியைச் சொல்ல, அப்பா திருப்பிச் சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: ‘தாவாப் பாதை என்ற ஒன்று எக்காலத்திலும் இருந்ததே இல்லை என்று சொல்கிறேன்.’ அப்பாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. தாத்தா வாழைத்தார் ஏற்றிய வண்டி அதே பாதையில் குடைசாய்ந்தது, அப்போது அந்தத் தோட்டத்துக்காரரின் தகப்பனாரே வந்து தோள்கொடுத்து வண்டியைத் தூக்கிவிட்டது, அன்றிரவு இரண்டு வீட்டாரும் ஒன்றாகச் சாப்பிட்டது என்று ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் சொன்னார். நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுத் தட்டச்சரின் பக்கம் திரும்பி ஒரே வரி சொன்னார்: ‘தாவாப் பாதை எக்காலத்திலும் இருந்ததில்லை என்று சொன்னால் சரியல்ல.’

அந்த ஒரு வரிதான் பதிவானது. கையெழுத்துப் போடும் முன் படித்துக் காட்டியபோது அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பது போலிருந்தது. நெடுநாள் அந்த நீதிபதியின் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. பின்னால் யோசித்தபோது அவர் செய்தது சரி என்றுதான் பட்டது. கேட்ட கேள்விக்கு அப்பாவின் பதில் அதுதான். வாழைத்தார்க் கதை உண்மையாகவே இருந்தாலும், அதற்கு அப்பாவின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. வழக்கை வென்று கொடுத்தது வேறொன்று. எதிரியின் தகப்பனார் 1956-இல் தன் நிலத்தை வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு எங்கள் குமாஸ்தா எடுத்து வந்திருந்தார். அதன் நான்கெல்லையில் ‘கீழ்மேல் வண்டிப்பாதைக்கு வடக்கு’ என்று இருந்தது. தன் பத்திரமே ஒத்துக்கொள்கிற பாதையை ஒருவர் எப்படி மறுப்பது? அதற்கு வா.சா.ஆ.4, அதாவது வாதி தரப்புச் சான்றாவணம் 4, என்று குறியீடு இட்டார்கள். நீதிமன்றம் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையரும் நில அளவரோடு வந்து அளந்து, பன்னிரண்டு அடி அகலத்தில் வண்டித்தடம் இருப்பதாக வரைபடத்தோடு அறிக்கை கொடுத்திருந்தார். அப்பா வெட்டி வைத்த இளநீரை அவர் தொடவில்லை. இருதரப்பும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு தரப்பின் இளநீரைக் குடிக்க முடியாது என்றார். அந்த ஆள் மேல் எங்களுக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

இடையில் ஒரு முறை வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போனது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் நடப்பது அது. சமரசம் ஆனால் அந்த முடிவே தீர்ப்பாணைக்குச் சமம், அதற்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். எதிரி எட்டு அடி தருவதாகச் சொன்னார். பன்னிரண்டுக்குக் கீழே ஓர் அங்குலமும் இறங்க மாட்டேன் என்று அப்பா எழுந்துவிட்டார். எட்டு அடியில் டிராக்டர் போகும். இதை நான் வீட்டில் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

2014-இல் முன்சீப் கோர்ட் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எதிரி சார்பு நீதிமன்றத்துக்கு முதல் மேல்முறையீடு போனார். அங்கே சட்டத்தோடு சங்கதிகளையும் மறுபடி முழுதாக ஆராயலாம். 2017-இல் அதுவும் தள்ளுபடி ஆனது. பிறகு மதுரைக் கிளைக்கு இரண்டாம் மேல்முறையீடு. 2004 ஜூலை 24 அன்று அந்தக் கிளை திறக்கப்பட்டிராவிட்டால் நாங்கள் சென்னைக்கு ரயில் ஏறியிருக்க வேண்டும். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். யானைமலையைப் பார்த்தபடி ஒத்தக்கடைப் பக்கத்தில் இருக்கிற அந்த வளாகத்துக்கு அப்பா ஒரு முறைதான் வந்தார். எங்கள் வழக்கு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இரண்டாம் மேல்முறையீட்டில் யார் சொன்னது உண்மை என்று மறுபடி தோண்டமாட்டார்கள். 1976-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, கணிசமான சட்டக் கேள்வி ஒன்று எழுந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளும். பாதை இருந்ததா இல்லையா என்பது சங்கதி. கீழே இரண்டு நீதிமன்றங்கள் ஒரே மாதிரி முடிவு செய்துவிட்டால் ஏறத்தாழ அது முடிந்த கதை. நியாயத்துக்காக நாம் எல்லோரும் மேலே அண்ணாந்து பார்க்கிறோம். உண்மை எது, பொய் எது என்பதைத் தீர்மானிக்கிற வேலையை இந்த அமைப்பு, நாளுக்கு எழுபது வழக்கை அழைக்கிற அந்தக் கடைசிப் படியில் உள்ள நீதிபதியிடம் ஒப்படைத்திருக்கிறது. தேர்வாணையம் நடத்தும் தேர்வெழுதிப் பணிக்கு வருகிற இளைஞர்கள், இளம்பெண்கள் பலர் முதலில் அமர்வது அந்த நாற்காலியில்தான். அவர்களின் பதவி உயர்வு, இடமாற்றம் முதலியவை அரசியலமைப்பின் 235-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ஆட்சியாளர்களின் கை அங்கே நீளக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் கட்டடம், ஊழியர், சம்பளம் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்குவது மாநில அரசு. அறை இல்லை, தட்டச்சர் இல்லை என்பதும் வாய்தாவாகத்தான் நம் தலையில் விடிகிறது.

மதுரையில் அந்தப் பத்து நிமிடமும் வாதம் ஆங்கிலத்தில் நடந்தது. அப்பாவின் தமிழ்ச் சாட்சியம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுத் தட்டச்சுக் கட்டாக நீதிபதியின் முன் இருந்தது. தன் பெயர் மட்டும் இரண்டு முறை காதில் விழுந்ததாக அப்பா சொன்னார். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் நடைமுறை மொழி. உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 348-ஆம் உறுப்பின்படி ஆங்கிலம். குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலோடு ஆளுநர் மாநில மொழியை அனுமதிக்கலாம் என்று அதே உறுப்பு சொல்கிறது. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றின் உயர் நீதிமன்றங்களில் இந்தி அப்படி வந்ததுதான். தமிழுக்காக நம் சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் போட்டும் இன்னும் நடக்கவில்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் அச்சிட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்! வக்கீல், வாய்தா, அமீனா, ஜாமீன், ஜப்தி, முன்சீப் என்று நவாபு காலத்துச் சொற்களையும், சம்மன், டிகிரி என்று வெள்ளைக்காரன் காலத்துச் சொற்களையும் எங்கள் ஊர்க் கிழவிகள்கூடச் செரித்துக்கொண்டார்கள். சிக்கல் சொற்களில் இல்லை.

2019-இல் மதுரையும் எதிரியைக் கைவிட்டு, அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளிய பிறகும் தூண்கள் அப்படியே நின்றன. தீர்ப்பாணை தானாக நடந்து வந்து வேலியைப் பிடுங்காது. அதற்குத் தனியாக நிறைவேற்று மனு போட வேண்டும். இந்தியாவில் வழக்காடுபவனின் தொல்லைகள் தீர்ப்பாணை பெற்ற பிறகே தொடங்குகின்றன என்று 1872-இல் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் குறிப்பிட்டது. கப்பலேறிப் போன காகிதங்களை மட்டும் படித்துவிட்டு எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லியிருக்கிறார்கள். நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. எங்கள் மனு அதற்கு முன்பே போட்டது. நடுவே கொரோனா வந்து நீதிமன்றக் கதவுகளையே மூடிவிட்டது. அந்த நாட்களில் அப்பா தொலைபேசியில் பதினாறு எழுத்துள்ள வழக்கு எண்ணைத் தட்டித் தட்டி அடுத்த தேதியைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். முன்பு குமாஸ்தாவின் டைரியில் மட்டுமே இருந்த தேதி அது.

2022 ஆடி மாதத்தில் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா, இரண்டு காவலர்கள், கடப்பாரையோடு நான்கு ஆட்கள் வந்தார்கள். தூண்களைப் பிடுங்க முக்கால் மணி நேரம் ஆனது. பிடுங்கிய கல்லெல்லாம் எதிரியின் சொத்து என்பதால் அவருடைய எல்லைக்குள் அடுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, அமீனா ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து அறிக்கை எழுதி, ஊரார் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். நிறைவேற்றப்பட்டது என்று பதிவு செய்து நீதிமன்றம் மனுவை முடித்து வைத்தது.

அதன் பிறகும் ஒரு மனு இருந்தது. தாத்தாவின் மூலப் பத்திரம் பதின்மூன்று ஆண்டுகளாக நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருந்ததால் அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கார்த்திகையில் கிடைத்தது. மடிப்பில் சற்றுக் கிழிந்திருந்த அந்தத் தாளின் மேல் மூலையில் நீதிமன்ற முத்திரையும், அதன் நடுவே நீல மையில் வா.சா.ஆ.1 என்ற எழுத்தும், கீழே இப்போது மாறுதலாகி எங்கேயோ இருக்கிற அந்த முதல் நீதிபதியின் சுருக்கொப்பமும் இருந்தன. அப்பா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மதுரைக் கிளையின் ஆங்கிலத் தீர்ப்பு நகலோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.